கலப்புமுறை அறிவியல் வகுப்பு எங்கே நிற்கிறது? அறிகுறி பார்த்துப் பழுது நீக்க ஒரு வழிமுறை

தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பயிலும் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி மாணவர்களுக்கு அடிப்படை அறிவியல் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடத்தில் பாதியைக் கைபேசியிலும் பாதியை வகுப்பறையிலும் நடத்தும்போது, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் ஆண்டுதோறும் ஒரே மாதிரிக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எது வந்தாலும் முதலில் காதில் விழுவது "நெட் சரியில்லை" என்பதுதான். சில நேரம் அது உண்மை. நெட் சரியான பிறகும் வகுப்பு நகரவில்லை என்றால், கைபேசியில் பார்த்ததற்கும் வகுப்பில் செய்வதற்கும் நடுவே உள்ள இணைப்பைப் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான பழுது அங்கேதான் இருக்கிறது.

வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் வகுப்பில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும். நடுவில் பழுது தீர்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: வீடியோ திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

இரவு எட்டு, ஒன்பது மணி என்றால் பெரும்பாலும் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். நாளுக்கு 1.5 ஜிபி என்ற திட்டத்தில்தான் பல வீடுகள் ஓடுகின்றன, அதையும் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டு பேர் பங்கிடுகிறார்கள். அளவு முடிந்ததும் வேகம் படுத்துவிடும், நள்ளிரவுக்கு மேல்தான் எழும். அதனால் வீடியோவை மாலையில் அனுப்பி மறுநாள் காலைக்குள் பார்க்கச் சொன்னால், பிள்ளைகள் இரவிலேயே முயன்று தோற்றுப்போவார்கள். வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பி, காலையில் பார்க்க அவகாசம் கொடுங்கள்.

காலையிலும் திறக்கவில்லை என்றால் கைபேசியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் குவிந்த காலை வணக்கப் படங்களை அழித்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

இடமும் இருக்கிறது என்றால் வீடியோவின் அளவைப் பாருங்கள். ஐந்து நிமிட வீடியோவை 360பி-யில் கொடுத்தால் ஏறக்குறைய 20 எம்பிக்குள் அடங்கும். நாற்பது நிமிடப் பேருரையை அப்படியே ஏற்றியிருந்தால் பழுது உங்கள் பக்கம். வெட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும், கரும்பலகை எழுத்து மங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடியே போகும்.

பாடநூலின் க்யூஆர் குறியீடு திறக்கவில்லை என்றால் கேமராவோடு மல்லுக்கட்ட வேண்டாம். குறியீட்டுக்குக் கீழே ஆறு எழுத்து, எண் சேர்ந்த குறி அச்சாகியிருக்கும். அரசின் தீக்ஷா கல்விச் செயலியில் அதைத் தட்டினால் அதே பாடம் வரும். பழைய பிரதியில் மை கரைந்து குறியீடு படியாமல் போவது இங்கே சாதாரணம்.

ஊரிலேயே சிக்னல் இல்லை என்றால் வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் முன் பயிற்சி நிறுவனத்திலேயே பதிவிறக்கச் சொல்லுங்கள். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுங்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: நிறுவனத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணைந்ததும் மொத்தமும் விழுந்துவிடுகிறது என்றால், ஒரு மடிக்கணினியைக் கேபிள் போட்டு நேராக ரூட்டரில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் வேகம் இருந்து வைஃபையில் இல்லை என்றால் ரூட்டர் போதவில்லை. கேபிளிலும் இல்லை என்றால் இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுக் கூப்பிட்டால் வருகிறவர் பழியை உங்கள் கணினி மேல் போட முடியாது.

## அறிகுறி: வினாத்தாளைத் திறந்தால் தமிழ் கிறுக்கலாக வருகிறது

இது சின்ன விஷயம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருக்கிறது, மாணவரின் கைபேசியில் இல்லை. உடனடித் தீர்வு, பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது. நிலையான தீர்வு, எழுத்துரு மாற்றி (கன்வெர்ட்டர்) ஒன்றைக் கொண்டு யூனிகோடாக்கிவிட்டு இனி யூனிகோடிலேயே அடிப்பது. மாற்றிய பிறகு சூத்திரங்களையும் எண்களையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். இடையில் இருக்கும் ஆங்கில எழுத்துகளையும் அந்த மாற்றி தமிழாக்கித் தொலைத்துவிடும்.

## அறிகுறி: "பார்த்தேன்" என்கிறார்கள், வகுப்பில் பேச்சே வரவில்லை

சோதனை: வீடியோவில் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். "அந்தக் கண்ணாடிக் குடுவையில் எவ்வளவு உயரம் தண்ணீர் இருந்தது?" மாதிரி.

பதில் வரவில்லை என்றால் பார்க்கவில்லை, அல்லது ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறார்கள். திட்டுவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வகுப்பில் அதே பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்துகிறீர்களா? அப்படி நடத்தினால் வீடியோவைப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் வகுப்பு ஒன்றுபோலவே இருக்கும். இதுதான் எல்லா இடத்திலும் நான் காணும் முதல் காரணம். தீர்வு கொஞ்சம் மனத்திண்மை கேட்கும்: வகுப்பின் முதல் பத்து நிமிடம் அவர்கள் நோட்டில் எழுதி வந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும். நோட்டு வெறுமையாக இருக்கிறவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளட்டும். தண்டனை வேண்டாம், மறுபடி நடத்துவதும் வேண்டாம். ஓரிரு வாரம் சங்கடமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

பதில் வருகிறது, விளக்கம் வரவில்லை என்றால் பார்த்திருக்கிறார்கள், ஆனால் பார்க்கும்போது செய்ய வேலை இல்லை. வீடியோவில் ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்? நோட்டில் எழுதிவிட்டுத் தொடருங்கள்" என்று ஒரு தாளைக் காட்டுங்கள். எழுதிய ஊகம் தப்பாக இருந்தாலும் அடித்துத் திருத்தக் கூடாது என்பது மட்டும்தான் விதி. வகுப்புக்குத் தேவைப்படுவதே அந்தத் தப்பான ஊகங்கள்தான்.

நோட்டில் இருக்கிறது, வாயில் வரவில்லை என்றால் கூட்டத்துக்குப் பயம். இருவர் இருவராகப் பேசவிட்டு, "உங்க பக்கத்துல இருக்கிறவங்க என்ன எழுதியிருக்காங்க?" என்று கேளுங்கள். அடுத்தவர் கருத்தைச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை.

ஒரே ஒருவர் மட்டும் ஒலி உள்ள பாடங்களில் எப்போதும் பின்தங்குகிறார் என்றால் வீடியோவை நோண்டுவதை நிறுத்திவிட்டு, தனியாகக் கூப்பிட்டுப் பேசி அரசு மருத்துவமனையில் காது, கண் பரிசோதனைக்கு அனுப்பிவையுங்கள். இது ஆசிரியர் தீர்க்கிற காரியம் இல்லை.

## அறிகுறி: இணையத் தேர்வில் முழு மதிப்பெண், ஆனால் கருத்து பழையபடியே இருக்கிறது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மற்றக் கோளாறுகள் வகுப்பை நிறுத்தும். இது நிறுத்தாது. எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலக் காட்டிவிட்டு, தப்பான கருத்தை நாளைய நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

எளிய காரணம் 1: விடை குழுவில் சுற்றுகிறது. படிவத்தில் விடை வந்த நேரத்தைப் பாருங்கள். முதல் ஆள் முடித்த சில நிமிடத்தில் எல்லோரும் அனுப்பியிருந்தால், தப்பு இருந்தாலும் ஒரே கேள்வியில் ஒரே மாதிரி இருந்தால், வேறு சான்று வேண்டாம். கேள்வி வரிசையைக் கலைத்துவிடுவது கொஞ்சம் உதவும். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பும் இரண்டு வரிக் காரணம் இன்னும் நன்றாக உதவும்.

எளிய காரணம் 2: கேள்வி வரையறையைக் கேட்கிறது. "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்று கேட்டால் வீடியோவின் வாக்கியமே திரும்பி வரும்.

உண்மையான காரணம்: பழைய கருத்தை யாரும் தொடவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க வீட்டையும் வயலையும் ஒட்டிய கேள்வி வேண்டும். வீடியோவுக்கு முன்னால் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை அதே கேள்வியைக் கேளுங்கள். நான் வைத்திருக்கும் கேள்விகளில் நான்கு:

*நெற்பயிரின் எடை எங்கிருந்து வருகிறது?* ஒளிச்சேர்க்கைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய நீடாமங்கலம் பக்கத்து மாணவி ஒருவர் அடுத்த நாளே, "உரம் வச்சாதானே மேடம் பயிர் சாப்பிடும்? எங்க அப்பா அப்படித்தான் சொல்வாங்க" என்றார். வீட்டில் கேட்டது ஒரு பக்கம், வீடியோவில் பார்த்தது ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் அவர் மனதில் குடியிருந்தன.

இதற்கு நான் செய்வது: ஒரு மா அளவு நிலத்துக்கு எத்தனை கிலோ உரம் போட்டார்கள், எத்தனை மூட்டை நெல் கண்டது, எத்தனை கட்டு வைக்கோல் வந்தது என்று வீட்டில் விசாரித்து வரச் சொல்வேன். கரும்பலகையில் இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டும்போதே வகுப்பில் சலசலப்பு தொடங்கிவிடும். போட்ட உரம் எங்கே, வண்டி வண்டியாகக் களத்துக்கு வந்த நெல்லும் வைக்கோலும் எங்கே? மண்ணிலிருந்துதான் வந்தது என்றால் தலைமுறை தலைமுறையாகக் குறுவையும் சம்பாவும் அறுத்த வயல் இந்நேரம் குளமாகியிருக்க வேண்டுமே? யாராவது ஒருவர் கட்டாயம், "ஆத்துத் தண்ணியில வர்ற வண்டல் அந்தப் பள்ளத்தை நிரப்பிடும் மேடம்" என்பார். நல்ல பதில் அது, பாராட்டிவிட்டு மேலே போங்கள். மண்ணே இல்லாமல் பாட்டில் தண்ணீரில் வளரும் சர்க்கரைவள்ளிக் கொடியைக் காட்டுங்கள்.

அப்புறம் வான் ஹெல்மாண்ட் செய்ததைச் சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 164 பவுண்டு கூடியது, மண் குறைந்தது 2 அவுன்ஸ்தான். எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவுகட்டினார். காற்றிலிருந்து கரியமில வாயுவை இலை எடுத்துக்கொள்வது அவருக்குத் தெரியவில்லை. அவர் முடிவில் எது சரி, எது விட்டுப்போனது என்று மாணவர்களே விவாதிக்கட்டும். கடைசியில், உரம் தருவது சிறிதளவு கனிமச் சத்து, அது இல்லாமலும் விளையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அப்பா சொன்னதைப் பொய்யாக்கி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

*ஐஸ் போட்ட டம்ளருக்கு வெளியே தண்ணீர் எப்படி வந்தது?* "உள்ளேயிருந்து கசிந்தது" என்பார்கள். உள்ளே நீல மையைக் கலக்குங்கள். வெளியே துளி நிறமில்லாமல் இருக்கும். சமையல் தராசு இருந்தால் டம்ளரை அதில் வைத்துவிடுங்கள், எடை கூடுவது கண்ணெதிரே தெரியும்.

*மெழுகுவத்தியை டம்ளரால் மூடினால் தட்டில் உள்ள தண்ணீர் ஏன் ஏறுகிறது?* இதில் பல வீடியோக்களே தப்பு செய்கின்றன: "ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தது" என்று. ஒரு மெழுகுவத்தியோடும் மூன்றோடும் செய்து பாருங்கள். டம்ளரும் காற்றும் அதேதான், ஆனால் மூன்று வைத்தால் தண்ணீர் அதிகம் ஏறும். சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் குமிழாக வெளியேறுகிறது, சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. தண்ணீர் வேகமாக ஏறுவது சுடர் அணைந்த பிறகுதான் என்பதை மாணவர்களையே கவனித்துச் சொல்லச் செய்யுங்கள்.

*கத்திரி வெயிலில் சூரியன் பக்கத்தில் வருகிறதா?* பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டரில். அதாவது நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டிருக்கும்போது. ஜூலையில் 15.2 கோடி. இதை வீடியோவில் சொல்லாதீர்கள், வகுப்பில் சொல்லுங்கள். அந்த நேரத்து முகங்களைப் பார்த்தால்தான் யார் யாருக்கு இது புதிது என்று தெரியும். பிறகு, தூரம் காரணமில்லை என்றால் வேறு என்ன என்று தேட, முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு மாதம் ஒருமுறை நண்பகல் நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தஞ்சாவூரில் ஒரு நாள் குச்சிக்கு நிழலே விழாது. அதைத் தவறவிடாதீர்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: மாணவர் கேட்ட கேள்விக்கு உங்களுக்கே விடை உறுதியாகத் தெரியவில்லை என்றால், அந்த நொடியில் ஒன்றைப் புனைந்து சொல்ல வேண்டாம். கேள்வியைப் பலகையின் மூலையில் எழுதிவையுங்கள். பக்கத்துக் கலைக் கல்லூரியின் இயற்பியல் அல்லது தாவரவியல் துறையில் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு உதவுவார்கள்.

## அறிகுறி: வீடியோவில் எரிந்த பல்பு வீட்டில் எரியவில்லை

வீட்டுச் சோதனைகளில் அதிகம் சிக்குவது மின்சுற்றுதான். "எரியல மேடம்" என்று குழுவில் செய்தி வந்தால், படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்.

கம்பி எங்கே தொடுகிறது? டார்ச் பல்புக்கு இரண்டு தொடுமுனை: அடியில் உள்ள ஈயப்பொட்டு ஒன்று, பக்கவாட்டு உலோக உறை இன்னொன்று. இரண்டு கம்பியையும் ஈயப்பொட்டிலேயே வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஒரே கம்பியில் முயன்றிருப்பார்கள். உடனே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். "கரண்ட் பல்புக்குள்ள எந்த வழியா போய் எந்த வழியா வரும்? வரைஞ்சு அனுப்புங்க" என்று கேளுங்கள். அந்தப் படத்தில் மாணவர் மனதில் இருக்கும் மின்சுற்று முழுவதும் தெரிந்துவிடும்.

கம்பி எந்தக் கம்பி? நம் பக்கம் செம்புக் கம்பி வேண்டுமென்றால் பிள்ளைகள் நேராகப் போவது பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு. அந்தக் கம்பி பளபளவென்று வெறும் செம்பு மாதிரியே இருக்கும், ஆனால் மேலே எனாமல் பூச்சு உண்டு. முனையை ஒரு விரற்கடை நீளத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பு மாறி இளஞ்சிவப்பாகும்வரை சுரண்ட வேண்டும். எரியாத சுற்றுகளில் நிறைய இந்த ஒன்றில் எரிந்துவிடும்.

செல் உயிரோடு இருக்கிறதா? "சுவர்க் கடிகாரத்துல போட்டா ஓடுது மேடம்" என்பது சான்றாகாது. கடிகாரத்துக்கு மிகக் குறைந்த மின்னோட்டம் போதும், ஓய்ந்த செல்லிலும் ஓடும். புதுச் செல் ஒன்று போட்டுப் பார்ப்பதே சோதனை.

பல்பு பல்புதானா? இழை உள்ள டார்ச் பல்பு இப்போது கிராமத்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. கடைக்காரர் எல்இடியைக் கொடுத்தனுப்புவார். வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், ஒரு செல்லில் எரியவே எரியாது. இரண்டு செல்லைத் தொடராக வையுங்கள். நீளக் கால் நேர்முனைக்குப் போக வேண்டும், மாற்றி வைத்தாலும் எரியாது. சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் அளவே போதும் என்பதால் இரண்டு செல்லோடு 100 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் வீடியோவில் இழை பல்பைக் காட்டியிருந்தால் எல்இடிக்கும் ஒரு நிமிடம் சேர்த்து எடுத்து அனுப்புங்கள்.

எரிகிறது, ஆனால் கருத்து ஏறவில்லை என்றால் ஒரே மாதிரியான இரண்டு இழை பல்புகளைத் தொடராக இணைத்து, எது பிரகாசமாக எரியும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். "முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடும், அடுத்தது மங்கலாக இருக்கும்" என்று பலர் எழுதுவார்கள். இரண்டும் ஒரே மாதிரி எரியும். கொஞ்சம் வேறுபட்டால் பல்புகளை இடம் மாற்றச் சொல்லுங்கள். பிரகாசம் பல்போடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா என்பதில் விடை இருக்கிறது.

கணினித் திரையிலேயே சோதனை செய்துபார்க்கும் ஃபெட் (PhET) உருவகப் பயிற்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. இலவசம், பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு, மடிக்கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதில் கம்பிக்கு எனாமல் கிடையாது, செல் ஓய்வதில்லை. கையால் கம்பி சுரண்டிய பிறகு அதைத் திறந்தால் நன்றாக வேலை செய்கிறது. அதைக் காட்டிவிட்டுக் கைச்சோதனையை விட்டுவிட்டால் பள்ளியில் உண்மையான பல்பு எரியாதபோது மாணவ ஆசிரியர் திகைத்து நின்றுவிடுவார்.

உடனே நிறுத்த வேண்டிய இடம்: கம்பி சுட்டால் குறுக்குச்சுற்று, கழற்றிவிடுங்கள். பழைய கைபேசி பேட்டரி, உப்பிய பவர்பேங்க் இவற்றில் சோதனையே வேண்டாம். சுவர் பிளக்கில் எதையும் செருகச் சொல்லாதீர்கள், ஆர்வக்கோளாறில் யாரும் செருகிவிடாதபடி சோதனைத் தாளின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வகுப்பறைப் புரொஜெக்டரோ திரைப்பலகையோ தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பார்க்கும்வரை யாரும் அதன் பக்கம் போகக் கூடாது.

## அறிகுறி: ஐப்பசி வந்ததும் வகுப்பு மொத்தமும் அறுந்துபோகிறது

வடகிழக்குப் பருவமழை, ஆட்சியர் விடுமுறை, மின்தடை, பேட்டரி இறங்கி நிற்கும் டவர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆன ஊர்கள் இங்கே உண்டு. இது கோளாறு என்று சொல்வதைவிடப் பாடத்திட்டத்தில் சேர்க்காமல் விட்ட பருவம் என்று சொல்வேன்.

புரட்டாசிக்குள் ஒரு தாள் உறையைத் தயார் செய்து கையில் கொடுத்துவிடுங்கள். நெட், கரண்ட் எதுவும் கேட்காத வேலைகள் அதில் இருக்கட்டும். முதலில் மழைமானி. பக்கச் சுவர் நேராக உள்ள பாட்டிலோ டப்பாவோ போதும், திறந்த வெளியில் நட்டுவைத்து, தினம் காலை ஒரே நேரத்தில் அளவுகோலால் அளந்து எழுத வேண்டும். கழுத்து குறுகிய பாட்டிலை அப்படியே வைத்தால் அளவு தப்பும், வெட்டிவிடச் சொல்லுங்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கு தெரிந்தால் தன் வீட்டு முற்றத்தில் எத்தனை லிட்டர் விழுந்தது என்று சொல்லிவிடலாம். அடுத்தது நிறங்காட்டி: மஞ்சள்தூளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், சங்குப்பூச் சாறு எலுமிச்சையில் இளஞ்சிவப்பாகும். இவை அடுக்களையிலேயே நடக்கும். பள்ளி திறந்ததும் திருத்துறைப்பூண்டிக்காரர் அளந்த மழையையும் பாபநாசத்துக்காரர் அளந்த மழையையும் ஒரே வரைபடத்தில் போட்டால் ஒரு வாரத்துக்கான பாடம் அதிலேயே இருக்கும்.

தண்ணீர் சூழ்ந்த வீட்டில் இருக்கிறவரிடம் ஒப்படைப்பு கேட்காதீர்கள். அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

## அறிகுறி: ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று காணோம்

குழுவில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள். தனியாகப் பேசுங்கள்.

பெரும்பாலும் ரீசார்ஜ் முடிந்திருக்கும், சொல்லக் கூச்சப்படுவார்கள். அடுத்து, வீட்டில் இருக்கும் ஒரே கைபேசி அண்ணனோடு வேலைக்குப் போய்விட்டது. தை, மாசியில் என்றால் அறுவடை, இல்லையென்றால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறை வரும்வரை காவல். அந்தக் காவலுக்கு மகளை அனுப்பிவிட்டு அப்பா காட்டு வேலைக்குப் போயிருப்பார். இவை எல்லாம் அவகாசம் கொடுத்தால் தீர்கிறவை. தாள் வடிவத்தில் பாடம் கொடுத்தனுப்பலாம், பக்கத்து ஊர்த் தோழி கொண்டுபோய்க் கொடுப்பார்.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றால் முதல்வரோடு சேர்ந்து வீட்டுக்குப் போய்ப் பேசுவது பலன் தரும். "அம்மா, இன்னும் கொஞ்ச நாள்தான், பட்டயம் கையில வந்துடும்" என்று நேரில் சொல்வதற்கு உள்ள மரியாதை போனில் சொல்வதற்கு இல்லை.

பேச்சில் மனச்சோர்வு தெரிந்தால் ஆறுதல் வார்த்தையோடு நிறுத்த வேண்டாம். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் 14416 எண்ணைக் கொடுங்கள். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் வீட்டாரை உடனே துணைக்கு வைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: கற்பித்தல் பயிற்சிக்குப் போனதும் வினா-விடை எழுதிப்போடும் பழக்கம் திரும்பிவிடுகிறது

நிறுவனத்தில் அருமையாகச் சோதனை செய்தவர் பள்ளியில் போய்க் கரும்பலகையில் விடையை எழுதிப்போட்டு நகலெடுக்கச் சொல்கிறார்.

பொருள் கையில் இருக்கிறதா? இதை முதலில் பாருங்கள். பள்ளி அறிவியல் பெட்டியின் சாவி எங்கே என்று தெரியாமல் தினங்கள் ஓடிவிடும். மாணவரே ஒரு துணிப்பையில் தன் பொருள்களை எடுத்துப்போகட்டும்: செல், கம்பி, எல்இடி, டம்ளர், மெழுகுவத்தி, ஒரு தலையாட்டி பொம்மை. தஞ்சாவூர்ப் பொம்மையை ஒருமுறை சாய்த்துவிட்டு, "இது ஏன் விழ மாட்டேங்குது?" என்று கேட்டால் ஐந்தாம் வகுப்பு ஒரு பாடவேளைக்கு உங்கள் கையில். ஈர்ப்பு மையத்துக்கு அதைவிட நல்ல கருவி நம் ஊரில் இல்லை. அடி கனம், மேல் காலி, அடிப்பாகம் உருண்டை என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாடக் குறிப்பைப் பாருங்கள். அதில் "சோதனை செய்து காட்டுதல்" என்று மட்டும் இருந்தால் போதாது. செய்வதற்கு முன் பிள்ளைகளிடம் கேட்கப்போகும் கேள்வி, சொல் மாறாமல், அங்கே எழுதியிருக்க வேண்டும். கேள்வி எழுதாமல் போனவர் பதற்றத்தில் விடையைத்தான் சொல்வார்.

கேள்விக்குப் பயமா? "பசங்க வேற ஏதாவது கேட்டுட்டா என்ன பண்றது மேடம்?" என்று கேட்டால் காரணம் இதுதான். சக மாணவர்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்து கேள்வி கேட்கும் பத்து நிமிட ஒத்திகை போதும். நேரில் முடியாவிட்டால் கைபேசி அழைப்பிலேயே செய்யலாம். "எனக்கும் தெரியல, நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லவும் ஒத்திகையிலேயே பழக்குங்கள்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என்றால் பள்ளியின் அனுமதியோடு ஐந்து நிமிடம் குரலை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். வீடியோ வேண்டாம், பிள்ளைகளின் முகம் கைபேசிகளில் சுற்றக் கூடாது. பதிவைக் கேட்டு, தான் பேசியது எவ்வளவு, பிள்ளைகள் பேசியது எவ்வளவு என்று மாணவரே குறித்துக்கொண்டு வந்தால் நீங்கள் சொல்லவேண்டியது பாதி குறைந்துவிடும்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: இவ்வளவும் சரியாக இருந்தும் நடக்கவில்லை என்றால், "போர்ஷன் முடிக்கணும், இதெல்லாம் வேண்டாம்" என்று வழிகாட்டி ஆசிரியர் சொல்லியிருக்கக்கூடும். மாணவரை அதில் நடுவில் நிறுத்தாதீர்கள், அவர் மதிப்பெண் அங்கே இருக்கிறது. நீங்களே பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரையும் வழிகாட்டி ஆசிரியரையும் சேர்த்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு பாடவேளை கேளுங்கள், அதுவும் அந்த வாரம் அவர்கள் நடத்தவேண்டிய அதே பாடத்திலிருந்து. முடிந்தால் அந்த முதல் பாடவேளைக்கு அவர்களையும் உட்காரச் சொல்லுங்கள்.